சிமுலேஷனிலேயே முடிக்கும் ரோபோ ஆராய்ச்சிக்கு மதிப்பு உண்டா?

மின்மினி கேட்டது:

வணக்கம். எம்.இ. ரோபோட்டிக்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இறுதி ப்ராஜெக்ட் தலைப்பை இந்த மாதத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். எங்கள் லேபில் இருப்பது ஒரு சின்ன சக்கர ரோபோ, அதன் தலையில் சுழன்றுகொண்டே லேசர் கதிரால் தூரம் அளக்கும் ஒரு 2டி லைடார், சுமாரான ஜிபியு போட்ட ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான். தானோட்டி கார், நாலுகால் ரோபோ எல்லாம் எங்களுக்கு எட்டாத விலை. அதனால் கைடு, "முழுக்க சிமுலேஷனிலேயே செய், கார்களுக்கான கார்லாவோ ரோபோக்களுக்கான கசீபோவோ எந்த சிமுலேட்டர் வசதியோ எடுத்துக்கொள்" என்கிறார். வேலைக்குப் போய்விட்ட சீனியர் ஒருவர் நேர்மாறாகச் சொல்கிறார். சிமுலேட்டரில் ஓடியதை யாரும் மதிக்க மாட்டார்களாம், நேர்காணலில் முதல் கேள்வியே நிஜ வண்டியில் ஓட்டிப் பார்த்தாயா என்பதாகத்தான் இருக்குமாம்.

இரண்டு பேருமே விவரம் தெரிந்தவர்கள், அதனால்தான் குழப்பம். பெரிய ஆராய்ச்சிக் குழுக்கள் சிமுலேஷனை எதற்கு நம்புகிறார்கள், எதற்கு நம்புவதில்லை? சிமுலேஷனுக்கும் நிஜத்துக்கும் நடுவே இடைவெளி என்று எல்லாக் கட்டுரையிலும் வருகிறதே, அது உண்மையில் எங்கே இருக்கிறது? படத்தின் தரத்திலா, இயற்பியலிலா, வேறெங்காவதா? என்னிடம் இருக்கும் கருவிகளை வைத்து இதில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா? பொதுவான அறிவுரையைவிட, இந்த வேலையில் இருப்பவர்கள் கண்டதைச் சொன்னால் நன்றாக இருக்கும்.

தாவுகால் எழுதியது:

நடக்கும் ரோபோக்களில் வேலை செய்கிறேன். எங்கள் பக்கத்தில் இப்போது சிமுலேஷன் இல்லாமல் எதுவும் நகராது, அதனால் மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு என் பதில் தயங்காமல் "உண்டு" என்பதுதான். ஆனால் அந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

ஜூரிக்கில் உள்ள ஈடிஎச் பல்கலைக்கழகக் குழு 2019-ல் ஏனிமல் என்ற நாலுகால் ரோபோவுக்கு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் (முயன்று, தவறி, கிடைக்கும் மதிப்பெண்ணை வைத்துக் கற்பது) மூலம் நடை பழக்கியது. பழக்கியது எல்லாம் சிமுலேட்டரில், ஓடியது நிஜ ரோபோவில். அதற்கு முன்பும் பலர் முயன்று, சிமுலேட்டரில் அழகாக நடந்தது தரையில் இறக்கியதும் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறார்கள். இவர்கள் செய்தது என்ன? அந்த ரோபோவின் மூட்டுகளில் மோட்டாரோடு ஸ்பிரிங்கும் சேர்ந்து இருக்கும், நாம் கேட்கும் விசை ஒன்று, சற்றுத் தாமதமாக வெளியே வரும் விசை வேறொன்று. அதைச் சமன்பாடு எழுதிப் பிடிப்பது கடினம். அதனால் நிஜ ரோபோவின் 12 மூட்டுகளையும் அசையவிட்டு, நான்கு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளை எடுத்தார்கள். மூட்டு இருக்கும் நிலையைக் கொடுத்தால் எவ்வளவு விசை வெளியே வரும் என்று சொல்லும் சின்ன நியூரல் நெட்வொர்க் ஒன்றை அதை வைத்துப் பழக்கி, சிமுலேட்டருக்குள்ளேயே பொருத்திவிட்டார்கள். மீதி எல்லாம் வளையாத திடப்பொருள்களுக்கான சாதாரண இயற்பியல்தான்.

அந்த நான்கு நிமிடம்தான் அந்த ஆராய்ச்சியின் உயிர் என்பேன். எல்லாவற்றையும் தத்ரூபமாக்கப் போகாமல், தங்கள் வேலையைக் கெடுப்பது எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் அளந்தார்கள். அப்புறம் வேகம். 2021-ல் ஈடிஎச், என்விடியா ஆட்கள் சேர்ந்து ஐசக் ஜிம் என்ற சிமுலேட்டரில் ஒரே ஜிபியுவில் 4,096 ரோபோக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, சமதரையில் நடக்க நான்கு நிமிடத்துக்குள்ளும், மேடுபள்ளத்தில் நடக்க சுமார் இருபது நிமிடத்திலும் பழக்கிக் காட்டினார்கள். நிஜ ரோபோவை வைத்து இதைச் செய்ய நினைத்தால் கியர்பாக்ஸ்தான் முதலில் போகும்.

இன்னொரு வழி, அளக்க முடியாததை எல்லாம் கலைத்துப்போட்டுப் பழக்குவது, அதாவது டொமைன் ராண்டமைசேஷன். உராய்வு, எடை, வெளிச்சம், தாமதம் எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் மாற்றிக்கொண்டே இருந்தால் நிஜ உலகமும் அதில் ஒன்றாக விழுந்துவிடும் என்ற நம்பிக்கை. ஓப்பன்ஏஐ 2019-ல் ஒற்றை ரோபோக் கையால் ரூபிக் கனசதுரத்தைத் தீர்த்துக் காட்டியது இப்படித்தான். பலரும் அந்த வீடியோவைப் பார்த்ததோடு சரி, அவர்களே வெளியிட்ட எண்ணைப் பார்ப்பதில்லை. மிகக் கடினமாகக் கலைத்த கனசதுரத்தில் வெற்றி 20 சதவீதம், 15 திருப்பங்கள் தேவைப்படும் எளிய நிலையில் 60 சதவீதம். அதை மறைக்காமல் எழுதியதற்காகவே எனக்கு அந்தக் கட்டுரை பிடிக்கும்.

கலைத்துப்போடுவதிலும் அளவு வேண்டும். 1995-லேயே சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேகோபி, ஹஸ்பண்ட்ஸ், ஹார்வி மூவரும் கெபெரா என்ற உள்ளங்கை அளவு ரோபோவில் இதைச் சோதித்துவிட்டார்கள். சிமுலேட்டரில் இரைச்சலே (அளவீடுகளில் வரும் தாறுமாறான ஏற்ற இறக்கம்) இல்லாவிட்டாலும் நிஜத்தில் சொதப்பியது, நிஜத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்கு இரைச்சல் போட்டாலும் சொதப்பியது. அளந்து பார்த்த அதே அளவு இரைச்சலைப் போட்டபோதுதான் இரண்டும் ஒத்துப்போயின. உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு இதைவிட நல்ல தொடக்கப் புள்ளி எனக்குத் தெரியவில்லை, அந்தக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள்.

ஆறாம்கியர் எழுதியது:

கார் பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஓட்டுநர் இல்லா வண்டிகளுக்கான மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. தாவுகால் சொன்னது பழக்குவதைப் பற்றி. எங்களுக்கு சிமுலேஷன் தேவைப்படுவது வேறு ஒரு காரியத்துக்கு. இந்த வண்டி பாதுகாப்பானது என்று எதை வைத்துச் சொல்வது?

ரேண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2016-ல் ஒரு கணக்குப் போட்டது. அமெரிக்காவில் மனிதர்கள் ஓட்டும்போது பத்து கோடி மைலுக்கு ஏறக்குறைய ஓர் உயிர் போகிறது. தானோட்டி கார் அதைவிட மோசமில்லை என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமானால், ஒரு மரணம்கூட இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட்டிக் காட்ட வேண்டும். நூறு கார்களை இரவு பகல் பாராமல், மணிக்கு 25 மைல் சராசரியில், வருடம் முழுக்க ஓட்டினாலும் பன்னிரண்டரை வருடம் ஆகும். நடுவில் மென்பொருளை மாற்றினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. சாலையில் மட்டும் ஓட்டி நிரூபிக்க முடியாது என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

அதனால் சிமுலேஷனில் மைல்களைக் குவிக்கிறார்கள். தானோட்டி கார் நிறுவனமான வேமோ 2020 வாக்கில் 1,500 கோடி சிமுலேஷன் மைல் என்று சொன்னது. அந்தப் பெரிய எண்ணில் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை, வெறும் நெடுஞ்சாலையில் நேராக ஓடும் மைலை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம். அதைவிட, அரிசோனாவின் சாண்ட்லர் பகுதியில் 2008 முதல் 2017 வரை நடந்த உயிர்ப்பலி விபத்துகளில் 72-ஐ எடுத்து, ஒவ்வொன்றையும் சிமுலேட்டரில் மறுபடி கட்டி, மனித ஓட்டுநர் இருந்த இடத்தில் தங்கள் மென்பொருளை உட்காரவைத்துப் பார்த்தார்களே, 2021-ல் வந்த அந்த ஆய்வுதான் சரியான கேள்வி கேட்ட சிமுலேஷன்.

எங்கே நம்பக் கூடாது என்பதற்கு 2018 மார்ச்சில் அதே அரிசோனாவின் டெம்பி நகரில் நடந்ததைப் பார்க்க வேண்டும். இரவு நேரத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது ஊபரின் தானோட்டிச் சோதனை வண்டி மோதி அவர் இறந்துபோனார். விசாரணை அறிக்கையை நான் மறுபடி மறுபடி படித்திருக்கிறேன். மோதுவதற்கு 5.6 விநாடிக்கு முன்பே வண்டி அவரைக் கண்டுவிட்டது. ஆனால் ஒருமுறை வாகனம் என்றது, ஒருமுறை இனம் தெரியாத பொருள் என்றது, ஒருமுறை சைக்கிள் என்றது. பெயர் மாறும் ஒவ்வொரு முறையும், அதுவரை அவர் நகர்ந்து வந்த தடத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டது. பாதசாரிகள் கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஆள் குறுக்கே வருவார் என்பதே வடிவமைப்பில் இல்லை. இப்போது யோசியுங்கள். வண்டியை எழுதியவர் மனதில் வராத ஒரு காட்சி, அதே ஆள் எழுதும் சிமுலேட்டர் காட்சிகளில் எப்படி வரும்? எத்தனை கோடி மைல் ஓடினாலும் வராது.

இடைவெளி எங்கே என்று கேட்டீர்கள். படத்தின் பளபளப்பை மறந்துவிடுங்கள், நேரத்தைப் பாருங்கள். சுழலும் லைடார் விநாடிக்குப் பத்து சுற்று சுற்றுகிறது என்றால் ஒரு சுற்றுக்கு 0.1 விநாடி. மணிக்கு 36 கிலோமீட்டரில் போகும் வண்டி அதற்குள் ஒரு மீட்டர் நகர்ந்துவிடும். ஆகவே ஒரு சுற்றின் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒரு மீட்டர் தள்ளித் தள்ளி நின்று பார்த்தவை. சொந்த வண்டியின் நகர்வைத் தெரிந்துகொண்டு இதைத் திருத்தலாம், ஆனால் எதிரே வரும் வண்டியின் நகர்வு அந்தத் திருத்தத்தில் அடங்காது. கார்லாவில் ஒரு டிக் (சிமுலேட்டர் நேரத்தை நகர்த்தும் ஒரு அடி) நடக்கும்போது உலகம் உறைந்து நிற்கிறது, அந்த டிக்கில் வரும் எல்லாப் புள்ளிகளும் ஒரே கணத்தைச் சேர்ந்தவை. விநாடிக்கு இருபது டிக் வைத்து லைடாரைப் பத்து சுற்றில் விட்டால் ஒரு டிக்குக்கு அரை வட்டம்தான் வரும். புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்து மிரண்டு, சுழற்சியையும் இருபதாக்கி முழு வட்டத்தை வாங்கிவிடுகிறார்கள். படம் சுத்தமாக இருக்கும், எந்த நிஜ லைடாரும் தராத சுத்தம் அது. அதில் பழகிய மாடல் நிஜ வண்டியில் ஏன் தடுமாறுகிறது என்று பிறகு தேட வேண்டியிருக்கும்.

சாலையோரம் எழுதியது:

மேலே இருவரும் சென்சார், மோட்டார் என்றே பேசுகிறார்கள். நான் போக்குவரத்து ஆராய்ச்சியில் இருப்பவன், என் கணக்கில் மிகப் பெரிய இடைவெளி மற்றவர்களின் நடத்தைதான். சிமுலேட்டரில் உள்ள மற்ற கார்களை யார் ஓட்டுகிறார்கள்? பெரும்பாலும் ஒரு சின்ன விதி: முன்னால் போகும் வண்டியோடு இவ்வளவு இடைவெளி வை, லேன் மாறும் முன் பார். அந்த விதிக்கு எரிச்சல் வராது, பஸ்ஸைப் பிடிக்க அவசரம் இருக்காது, நம் வண்டி சற்று மெதுவாகப் போனால் ஹார்ன் அடித்துக்கொண்டு இடுக்கில் நுழையாது.

நம் ஊர்ச் சாலையை எடுத்துக்கொண்டால் லேன் என்ற எண்ணமே ஆட்டம் கண்டுவிடுகிறது. ஒரு லேன் அகலத்தில் ஒரு ஆட்டோவும் இரண்டு பைக்கும் பக்கத்தில் பக்கத்தில் போகும். ஜெர்மனியின் டிஎல்ஆர் ஆய்வு மையம் உருவாக்கிய சுமோ என்ற போக்குவரத்து சிமுலேட்டர் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் சப்லேன் என்று ஒரு வசதி உண்டு, லேனைக் குறுக்கே மெல்லிய பட்டைகளாகப் பிரித்து, வண்டிகள் பக்கவாட்டிலும் ஒதுங்கி நகர விடும். அதை வைத்துக் கலப்புப் போக்குவரத்தை ஓரளவு கட்ட முடிகிறது. ஆனால் பக்கவாட்டு இடைவெளி எவ்வளவு, எந்த வேகத்தில் எவ்வளவு நெருங்குவார்கள் என்ற எண்களை நீங்கள்தான் தர வேண்டும், முன்னிருப்பு எண்கள் நம் ஊருக்கானவை கிடையாது. மேம்பாலத்திலிருந்து வீடியோ எடுத்து அளந்தால்தான் கிடைக்கும். கேமரா படங்களை வைத்துச் செய்யும் வேலைக்கு ஐஐஐடி ஹைதராபாத் வெளியிட்ட ஐடிடி தரவுத்தொகுப்பு இருக்கிறது, ஹைதராபாத், பெங்களூரு சாலைகளிலிருந்து 10,000 படங்கள், 34 வகைகள், ஆட்டோ, விலங்கு, சாலையோர மண் உட்பட. வெளிநாட்டுத் தொகுப்புகளில் சாலை எங்கே முடிகிறது என்பதில் சந்தேகமே வராது, இதில் வரும்.

மின்மினி, கார்லாவோடு வரும் டவுன்01 என்ற மாதிரி நகரில் பழக்கி டவுன்02-ல் சோதித்தேன், இத்தனை சதவீதம் வெற்றி என்று மட்டும் எழுதாதீர்கள். 2017-ல் கார்லாவை வெளியிட்டவர்களே அதைச் செய்துவிட்டார்கள். அந்த மாதிரி ப்ராஜெக்ட்களை மதிப்பிட உட்காரும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, நல்ல பிள்ளைகள் ஒரு வருடத்தை அதில் கரைத்துவிடுகிறார்கள்.

ஆறாம்கியர் எழுதியது:

சாலையோரம் சொல்வது நகரச் சாலைக்கு முழுக்க சரி, நடத்தைதான் பெரிது. ஆனால் கையில் ஒரு சக்கர ரோபோவும் ஒரு லைடாரும் மட்டுமே இருக்கும் ஒருவருக்கு அதை அளக்க வழியில்லை. அளக்க முடிந்த இடைவெளியில் தொடங்குவதுதான் நல்லது என்று நினைக்கிறேன்.

மின்மினி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அப்படியானால் ஆறாம்கியர் அக்கா சொன்ன லைடார் நேரப் பிரச்சினையை என் ரோபோவில் பார்க்க முடியுமா? அது விநாடிக்கு அரை மீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. பத்து சுற்று லைடார் என்றால் ஒரு சுற்றுக்கு 5 சென்டிமீட்டர்தான் வருகிறது, அது ஒரு ஆராய்ச்சிக்குப் போதுமா? இன்னொன்று, எந்த சிமுலேட்டர் எடுப்பது?

ஆறாம்கியர் எழுதியது:

நேராக ஓட்டாதீர்கள், நின்ற இடத்தில் சுழலவிடுங்கள். விநாடிக்கு ஒரு ரேடியன் வேகத்தில் திரும்பினால், ஒரு சுற்றுக்குள் ரோபோ 0.1 ரேடியன், ஏறக்குறைய 5.7 பாகை திரும்பிவிடும். மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் அது 30 சென்டிமீட்டர் பிசகு. உங்கள் லேப் அறையிலேயே கண்ணுக்குத் தெரியும். சதுர அறையின் நடுவில் ரோபோவை வைத்து, நிற்கும்போது ஒரு ஸ்கேன், சுழலும்போது ஒரு ஸ்கேன் எடுத்து ஒன்றின்மேல் ஒன்று வரைந்து பாருங்கள். சுற்று தொடங்கும் இடமும் முடியும் இடமும் சேரும் தையலில் சுவர் பிளந்து நிற்கும், அல்லது ஒரே மூலை இரண்டு முறை வரும். எந்தப் பக்கமாகச் சுழல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்று.

இப்போது அதே அறையை கசீபோவில் கட்டுங்கள். அங்கே ஸ்கேன் முழுவதும் ஒரே கணத்தில் எடுக்கப்படுவதால் சுவர் ஒட்டியே இருக்கும். ரோபோ மென்பொருள் தளமான ஆர்ஓஎஸ்ஸில் லேசர்ஸ்கேன் செய்தியைத் திறந்தால் டைம்_இன்க்ரிமென்ட் என்று ஒரு புலம் இருக்கும், ஒரு கதிருக்கும் அடுத்த கதிருக்கும் இடைப்பட்ட நேரம் அது. கசீபோ பழைய பதிப்பின் ப்ளகினில் அது பூஜ்யமாக வரும். நிஜ லைடாரின் டிரைவர் என்ன எழுதுகிறது என்று பாருங்கள், அதையும் அப்படியே நம்பாமல் சுழற்சி நேரத்தைக் கதிர் எண்ணிக்கையால் வகுத்துச் சரிபாருங்கள்.

அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சி. ஸ்கேனைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் சிமுலேட்டரைச் சற்று நகர்த்தி எடுத்துச் சேர்த்தால் அந்தப் பிசகை சிமுலேட்டருக்குள் கொண்டுவரலாம். எத்தனை துண்டு போதும்? ஒவ்வொரு துண்டும் கணக்கு நேரத்தைத் தின்னும், அதனால் இது அர்த்தமுள்ள கேள்வி. வரைபடம் கட்டும் நிரல் ஒன்றை எடுத்து, சாதா சிமுலேட்டர், நேரம் சேர்த்த சிமுலேட்டர், நிஜ ரோபோ என மூன்றிலும் ஓட்டி, பிழை எதில் எதோடு ஒத்துப்போகிறது என்று காட்டுங்கள். நேரம் சேர்த்த சிமுலேட்டர் நிஜத்தோடு ஒத்துப்போகாவிட்டாலும் அதை அப்படியே எழுதுங்கள், அப்போது வேறு ஏதோ ஒன்று கெடுக்கிறது என்று தெரிந்துவிட்டது, அதுவும் முடிவுதான். உங்கள் சீனியர் சொன்ன அந்த நேர்காணல் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது.

தாவுகால் எழுதியது:

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்துக்குக் கட்டளை போன நேரத்தையும், சக்கரச் சுழற்சியை அளக்கும் என்கோடர் அசைவைக் காட்டிய நேரத்தையும் ஒரே பதிவில் எடுத்து வையுங்கள், அந்தத் தாமதத்தைக் கழிக்காவிட்டால் லைடார் பிழையையும் மோட்டார் பிழையையும் பிரிக்க முடியாமல் போய்விடும். தரையை மாற்றியும் பாருங்கள், டைல்ஸில் சுழல்வதும் தரைவிரிப்பில் சுழல்வதும் ஒன்றாக இருக்காது.

சிமுலேட்டர் விஷயத்தில், கசீபோவின் புதிய பதிப்பை எடுங்கள். பழைய கசீபோ கிளாசிக்குக்கான ஆதரவு 2025 ஜனவரியோடு முடிந்துவிட்டது, இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் நிறைய இன்னும் அதற்கானவை என்பதால் பார்த்து எடுக்க வேண்டும். புதியதிலும் லைடார் செய்தியில் அந்த நேரப் புலம் என்னவாக வருகிறது என்று முதல் நாளே திறந்து பாருங்கள். எல்ஜியின் சிமுலேட்டர் 2022 தொடக்கத்திலும், மைக்ரோசாஃப்டின் ஏர்சிம் அதே ஆண்டிலும் நின்றுபோய், அவற்றை நம்பி ஆய்வு தொடங்கியவர்கள் திண்டாடினார்கள். கால் ரோபோ பக்கம் வர ஆசை வந்தால் முஜோகோ என்ற சிமுலேட்டரைத் தொடுங்கள், டீப்மைண்ட் 2021-ல் வாங்கி 2022-ல் மூலநிரலோடு இலவசமாகத் திறந்துவிட்டது, தொடுகையும் உராய்வும் எப்படிக் கணக்கிடப்படுகின்றன என்பதை அதன் கையேட்டில் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

மின்மினி எழுதியது:

அறையின் நடுவில் வைத்துச் சுழலவிடும் சோதனையை நாளைக்கே செய்கிறேன், அதற்கு கைடின் அனுமதிகூட வேண்டியதில்லை. இரண்டு ஸ்கேன் படங்களையும் இங்கேயே போடுகிறேன். சாலையோரம் அண்ணா, சுமோவில் பக்கவாட்டு இடைவெளிக்கு நீங்கள் வீடியோவிலிருந்து அளந்த முறையை நேரம் கிடைக்கும்போது தனி இழையாக எழுதுங்கள், என் வகுப்பில் இரண்டு பேர் போக்குவரத்துத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறார்கள்.